சாலையும் கஜானாவும் – 9: சுங்கப் பெட்டியின் சாவி

இதுவரை: திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டை வாசலுக்கு வெளியே ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு, ஆலப்புழைத் துறைமுகத்தோடு சேர்ந்து வளர்ந்த கதையைப் பார்த்தோம். திப்பு சுல்தானுக்கு அஞ்சிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையைப் பிடித்த திருவிதாங்கூர், 1795இலும் 1805இலும் எழுதிக்கொடுத்த உடன்படிக்கைகளால் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பத்துக்கு ஆட்பட்டது. எதிர்த்து நின்ற வேலுத்தம்பி தளவாய் 1809இல் மண்ணடியில் மாண்டார். ரெசிடெண்டே திவானாகவும் அமர்ந்த கர்னல் மன்றோ பாக்கியை அடைத்துவிட்டுப் போனார். கப்பம் மட்டும் நீங்கவில்லை.

மதராஸிலிருந்து ஒரு கடிதம்

1855 நவம்பர் 21.

மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு, உத்திரம் திருநாள் மகாராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதைச் சொற்கள் நிறைந்த கடிதம்தான். ஆனால் சாரம் ஒன்றே ஒன்று: நிர்வாகத்தைச் சீர்திருத்துங்கள், இல்லையேல் நாடு உங்கள் கையில் இருக்காது.

மிரட்டல் என்று ஒதுக்கிவிடக்கூடிய காலமல்ல அது. சதாராவும் ஜான்சியும் நாக்பூரும் ஏற்கெனவே போய்விட்டன. அதே 1855இல் தஞ்சாவூரில் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் கண்மூட, அந்த அரசும் அத்தோடு முடிந்தது. மூன்று மாதம் கழித்து, 1856 பிப்ரவரியில், அவத்.

அவத் விஷயத்தில் வாரிசுப் பிரச்சினையே கிடையாது. "ஆட்சி சரியில்லை" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். திருவனந்தபுரத்துக்கு வந்த கடிதத்திலும் அதே குற்றச்சாட்டு.

கோட்டைக்குள் அன்று என்ன நிலைமை? ஆண்டு வருமானம் 40 லட்சம் ரூபாயைச் சுற்றி. அதில் 8 லட்சம் கம்பெனிக்கு. ஐந்து ரூபாய் வந்தால் ஒரு ரூபாய் வாசலோடு போய்விடும். மிச்சத்தில் அரண்மனை, கோவில், ஊட்டுப்புரை, படை, சம்பளம் எல்லாம் நடக்க வேண்டும். நடக்கவில்லை. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. பத்மநாப சுவாமி கோவிலின் ஸ்ரீபண்டாரத்திலும் சர்க்கார் கடன் வாங்கியிருந்தது.

சம்பளம் வராத உத்தியோகஸ்தன் பட்டினி கிடக்க மாட்டான். கிராமத்தில் தனக்குக் கீழே இருப்பவனிடம் கை நீட்டுவான். கஜானா காலியான எந்த நாட்டிலும் முதலில் உடைவது இந்த இடம்தான். அதனால் திருவிதாங்கூரின் நிதிநெருக்கடியை வெறும் கணக்குப் புத்தக விவகாரமாக நான் பார்க்கவில்லை. அது நெல்லளக்கும் குடியானவன் வீட்டு முற்றம் வரை வந்த நெருக்கடி.

சக்கரப் பலகை

சாலையில் ஒரு பழைய பாத்திரக் கடையில் சக்கரப் பலகை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பிடி வைத்த சின்ன மரப்பலகை. மேல் முகம் முழுக்க வரிசை வரிசையாகக் குழிகள். ஒரு குழிக்கு ஒரு காசு.

சக்கரம் என்பது திருவிதாங்கூரின் வெள்ளிக் காசு, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். விரலால் எண்ணப் புகுந்தால் பொழுது போதாது. ஆகவே ஒரு குவியலைப் பலகையில் கொட்டி, லேசாகக் குலுக்கி, உள்ளங்கையால் ஒரு வழி வழிப்பார்கள். குழிகள் நிரம்பும், மிச்சம் ஓரமாக ஒதுங்கும். நூறு குழிப் பலகை என்றால் நூறு சக்கரம். கண் மூடித் திறப்பதற்குள் எண்ணி முடிந்தது.

பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 8 லட்சம் ரூபாய்க் கப்பத்தைச் சக்கரமாக எண்ணினால் 2 கோடியே 28 லட்சம் சக்கரம். நூறு குழிப் பலகையை 2 லட்சத்து 28 ஆயிரம் தடவை நிரப்பிக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும்.

இந்தப் பலகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பம் போனாலும், கடன் ஏறினாலும், திருவிதாங்கூரின் காசைத் திருவிதாங்கூரே அடித்தது. தன் பலகையில் தானே எண்ணியது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கடைசியில் விளங்கும்.

முப்பது வயதுத் திவான்

திருவனந்தபுரத்தில் பஸ் கண்டக்டர்கள் "ஸ்டாச்சூ, ஸ்டாச்சூ" என்று கூவும் நிறுத்தம் ஒன்று உண்டு. தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் சிலையால் வந்த பெயர். யாருடைய சிலை என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். அவர்தான் சர் டி. மாதவ ராவ்.

கும்பகோணத்தில் 1828இல் பிறந்த தஞ்சை மராட்டியர். அப்பா ரங்கராவ் இதே திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். மதராஸில் பவல் துரையிடம் படித்துவிட்டு, 1849இல் இளவரசர்களுக்குப் பாடம் சொல்லித்தர இங்கே வந்தார் மாதவ ராவ். பிறகு திவான் பேஷ்கார். 1857இல் திவான் கிருஷ்ண ராவ் இறந்ததும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. 1858இல் பதவி உறுதியானது. வயது முப்பது.

இப்போது மெதுவாகப் போக வேண்டும். தொடரின் திருப்பம் இங்கேதான்.

கஜானா காலி. கடன்காரர்கள் வாசலில். பறித்துக்கொள்ளக் காத்திருக்கும் வல்லரசு. இந்த நிலையில் ஒரு திவான் என்ன செய்வார்? புதிதாக வரி போடுவார், பழைய வரியை இறுக்குவார். முன்னால் இருந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். மாதவ ராவ் நேர் எதிராகப் போனார். நன்றாகப் பால் தந்துகொண்டிருந்த இரண்டு பசுக்களைக் கட்டவிழ்த்து விட்டார்.

முதலாவது மிளகு. மார்த்தாண்ட வர்மா காலத்திலிருந்து மிளகு சர்க்காரின் குத்தகைச் சரக்கு. கொடி வைத்தவன் சர்க்கார் சொன்ன விலைக்கு சர்க்காருக்கே விற்க வேண்டும். ஆலப்புழையில் சர்க்கார் அதைக் கொழுத்த விலைக்கு வெளிநாட்டு வியாபாரியிடம் தள்ளும். நடுவில் இருக்கும் லாபம் முழுக்கக் கஜானாவுக்கு. 1860இல் மாதவ ராவ் இதை ஒழித்தார். யாரும் யாருக்கும் விற்கலாம். ஏற்றுமதித் தீர்வை மட்டும் கட்டினால் போதும்.

இரண்டாவது புகையிலை. இதில் சாலைக்கு நேரடிப் பங்கு உண்டு.

வெற்றிலையோடு புகையிலை போடாத வீடு அன்று குறைவு. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் பெரிய சந்தை. மலையாளத்தில் இன்றும் அதற்கு ஜாப்பாணம் புகையில என்று பெயர். இந்தச் சரக்கை சர்க்கார் மட்டுமே வாங்கி, சர்க்கார் மட்டுமே தன் பண்டகசாலையிலிருந்து விற்றது. விலை ஏறக்குறைய ஒரு தண்டனை. விளைவு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருட்டுப் புகையிலை. சர்க்கார் காவல்காரனும் கடத்தல்காரனும் துரத்திப் பிடித்து விளையாடிய காலம் அது. காவல் என்ற பெயரில் வீடு புகுந்து சோதிப்பதும், பொய்க் கேஸ் போடுவதும் சாதாரணம்.

1863இல் புகையிலைத் தனியுரிமையும் போயிற்று. இறக்குமதித் தீர்வை கட்டிவிட்டால் எந்த வியாபாரியும் கொண்டுவரலாம், எந்தக் கடையிலும் விற்கலாம். அதுவரை சர்க்கார் பண்டகசாலைக்கு வெறும் முகவனாக இருந்த சாலைக் கடைக்காரன் முதல்முறையாகத் தன் கைமுதலைப் போட்டுத் தானே கொள்முதல் செய்யும் வியாபாரி ஆனான்.

பயந்தவர்கள் சொன்னபடி கஜானா சரிந்துவிடவில்லை. 1863க்குள் அரசின் கடன் முழுக்க அடைபட்டது. இங்கிலாந்தின் பொருளாதார அறிஞர் ஹென்றி ஃபாசெட் இவரை "இந்தியாவின் டர்கோ" என்று புகழ்ந்தார். தானிய வணிகத்தின் தளைகளை அறுத்த பிரெஞ்சு நிதியமைச்சர் டர்கோ. புகழ்ச்சி மிகையில்லை என்றே நினைக்கிறேன். கஜானா நிறைந்திருக்கும்போது வரியைக் குறைக்க யாராலும் முடியும்.

1865

சில ஆண்டுகள் ஒரு நாட்டின் தலையெழுத்தில் தடித்த எழுத்தாக விழும். திருவிதாங்கூருக்கு 1865 அப்படி.

ஜூன் 2ஆம் தேதி பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்தது. சர்க்கார் நிலத்தில் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை கிடைத்தது; விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். உழுதவன் மண்ணில் பணம் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதே ஆண்டில் இன்னொரு காகிதத்திலும் கையெழுத்தானது. பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி என்று மூன்று தரப்புக்கும் இடையிலான வணிக உடன்படிக்கை. இண்டர்போர்ட்டல் கன்வென்ஷன் என்று பழைய நிர்வாக அறிக்கைகளில் இருக்கும். பள்ளிப் பாடத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. சாலையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காகிதம் வேறில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்குத் திருவிதாங்கூர் இறக்குமதித் தீர்வை வாங்கக் கூடாது. உப்பு, புகையிலை, சாராயம், அபின் மட்டும் விலக்கு. திருவிதாங்கூர்ச் சரக்குக்கு பிரிட்டிஷ் இந்தியாவிலும் தீர்வை கிடையாது. வெளிநாட்டிலிருந்து நேராகத் திருவிதாங்கூர்த் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு, பிரிட்டிஷ் இந்தியா என்ன விகிதம் வைத்திருக்கிறதோ அதே விகிதம். உப்பு விலையும் மதராஸ் விலையோடு ஒத்துப்போக வேண்டும். வருமான இழப்புக்கு ஈடாக பிரிட்டிஷ் அரசு ஒரு தொகைக்குப் பொறுப்பேற்றது.

லாபம் உடனே கண்ணுக்குத் தெரிந்தது. நாகர்கோவில் பாதையில் வரும் மாட்டுவண்டிகள் சுங்கச் சவுக்கைக்குச் சவுக்கை நின்று மூட்டையை அவிழ்த்துக் காட்டி, காசும் கட்டி, கையூட்டும் கொடுத்து வந்த காலம் முடிந்தது. திருநெல்வேலிச் சீமைச் சரக்கு கரமனை ஆற்றைத் தாண்டித் தடையில்லாமல் சாலைக்குள் நுழைந்தது. பாண்டி நாட்டு வியாபாரிகள் இங்கே நிலைத்து வேரூன்ற இந்தத் திறந்த பாதை ஒரு காரணம். பிற்காலத்தில் இதே தெருவில் கடை வைத்து, இதே தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவனின் உலகம் அந்தப் பாதை வழியாக வந்து சேர்ந்தவர்களின் உலகம்தான். ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா 1859இல் தொடங்கிவைத்த கயிற்றுப்பாய்த் தொழிலும், மிளகும், கொப்பரையும், தேங்காய் எண்ணெயும் கடல் தாண்டின. ஏற்றுமதித் தீர்வை திருவிதாங்கூர் கையிலேயே இருந்ததால் அந்த வளர்ச்சி கஜானாவிலும் தெரிந்தது.

நஷ்டம் மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு துணிப் பொதியை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டரிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்குகிறது. அங்கே சுங்கம் கட்டியாயிற்று. பணம் மதராஸ் கஜானாவில் விழுந்தது. பொதி வண்டியேறித் திருநெல்வேலி தாண்டி, ஆரல்வாய்மொழி தாண்டி, சாலைக்கு வருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த சரக்கு என்பதால் இங்கே தீர்வை இல்லை. சாலையில் முண்டு வாங்கியவன் கொடுத்த விலைக்குள் அந்தச் சுங்கம் ஒளிந்திருக்கிறது. கொடுத்தது திருவிதாங்கூர்க்காரன், வாங்கிக்கொண்டது மதராஸ்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு வருவாய்க் கசிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை இன்று அதிகமாகக் கேட்கும் இடம் பாலஸ்தீனம்.

பாரிஸில் எழுதிய இன்னொரு காகிதம்

1994 ஏப்ரல் 29. பாரிஸில் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒரு பொருளாதார நெறிமுறையில் கையெழுத்திட்டன. ஐந்து ஆண்டு இடைக்காலத்துக்கு என்று எழுதியது, முப்பது ஆண்டு தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படித்தால் 1865 உடன்படிக்கையின் சாயல் தெரியும். இரு பகுதிக்கும் பொதுவான சுங்க எல்லை. பெரும்பாலான சரக்குக்கு வலுத்தவன் வைக்கும் விகிதமே விகிதம். மதிப்புக் கூட்டு வரியில்கூட இஸ்ரேலை விட இரண்டு சதவீதப் புள்ளிக்கு மேல் குறைத்துவிட முடியாது. ராமல்லாவுக்குப் போகும் சரக்கு அஷ்தோத் துறைமுகத்தில் இஸ்ரேலிய இறக்குமதியாளர் பெயரில் இறங்கிவிட்டால், அதன் சுங்கம் இஸ்ரேலிடமே தங்கிவிடும். அதே தூத்துக்குடித் துணிப் பொதி.

ஆனால் ஓரிடத்தில் இரண்டு காகிதமும் அடியோடு வேறுபடுகின்றன. திருவிதாங்கூருக்கு ஆலப்புழையும் கொல்லமும் குளச்சலும் சொந்தத் துறைகள். அங்கே சுங்கம் வாங்கிய அதிகாரி மகாராஜாவின் ஆள். பெட்டியும் இங்கே, சாவியும் இங்கே. பாலஸ்தீனத்துக்குச் சொந்தமாக இயங்கும் துறைமுகம் இல்லை. எல்லையில் இருக்கும் சுங்க அதிகாரி இஸ்ரேலிய அதிகாரி. பாலஸ்தீனர் கட்டும் இறக்குமதி வரியை இஸ்ரேலே வசூலித்து, 3 சதவீதம் கூலியாக எடுத்துக்கொண்டு, மாதாமாதம் மீதியைக் கொடுக்க வேண்டும். பாலஸ்தீன ஆணையத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் வருகிறது.

கொடுத்தால் வருகிறது. 2006 தேர்தலில் ஹமாஸ் வென்றபோது நிறுத்தினார்கள். 2019இல் கைதிகளின் குடும்பங்களுக்குத் தரும் உதவித்தொகையைக் காரணம் காட்டிப் பிடித்தம் தொடங்கியது. 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவுக்குரிய பங்கும் பிடிக்கப்பட்டது. 2025 மே முதல் மாதத்தொகை முழுவதுமே நின்றது. ராமல்லா ஆசிரியருக்கும் செவிலியருக்கும் 2021இன் கடைசி மாதங்களிலிருந்தே முழுச் சம்பளம் இல்லை. 1855இல் திருவனந்தபுரத்துக் கச்சேரிக் குமாஸ்தா பட்ட பாடு அது.

காசும் சொந்தமில்லை. புழங்குவது இஸ்ரேலின் ஷெக்கல். பாலஸ்தீன வங்கிகளில் ஷெக்கல் நோட்டு தேங்கிக் குவிகிறது. எவ்வளவு திருப்பி வாங்கிக்கொள்வது என்று இஸ்ரேல் வரம்பு வைத்திருப்பதால் குவியல் கரைவதில்லை. பெட்டகத்தில் பணம் மலையாகக் கிடக்க, வெளிநாட்டுக் கொள்முதலுக்குப் பணம் அனுப்ப முடியாத விசித்திரம். சக்கரப் பலகையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வளர வழியே இல்லையா? இருக்கிறது. மேற்குக் கரையில் சுமார் 60 சதவீத நிலம் 'சி' பகுதி என்ற பெயரில் இஸ்ரேலின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்த நிலத்தைப் பாலஸ்தீனர் பயன்படுத்தக் கதவு திறந்தால் ஆண்டுக்கு 340 கோடி டாலர் கூடுதல் உற்பத்தி வரும் என்று உலக வங்கி 2013இல் கணக்கிட்டது. அவர்களின் 2011ஆம் ஆண்டு மொத்த உற்பத்தியில் 35 சதவீதம் அது. காசா கடலில் எரிவாயு கண்டுபிடித்துக் கால் நூற்றாண்டு ஆயிற்று, இன்னும் எடுக்கவில்லை. நிலமும் கடலும் படித்த பிள்ளைகளும் அவர்களிடம் உண்டு. 2024இல் காசாவின் உற்பத்தி 83 சதவீதம் சுருங்கிவிட்டது என்பதும், இஸ்ரேலில் கூலிக்குப் போய்வந்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையிழந்தார்கள் என்பதும் கூடவே நிற்கும் உண்மைகள்.

மாதவ ராவைப் போல ஒருவர் ராமல்லாவில் நிதியமைச்சராக உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். செலவைக் குறைப்பார், கணக்கை ஒழுங்காக்குவார். அதற்குமேல் அவர் கை நீளாது. மிளகை அவிழ்த்துவிட மிளகு அவர் கையில் இருக்க வேண்டும். புகையிலைத் தீர்வையை மாற்ற ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் அவர் ஆள் நிற்க வேண்டும். நல்ல நிர்வாகம் தருகிறோம், பிறகு பார்க்கலாம் என்று பாலஸ்தீனத்துக்குச் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

உப்பு விலை

மறுபடி சாலைக்கு வருவோம். 1865இன் கணக்கில் யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ராஜாக்கமங்கலத்திலும் தாமரைக்குளத்திலும் உப்பளங்கள் இருந்தன. உப்பு உள்ளூரிலேயே விளைந்தது. ஆனாலும் அதன் விலை இனி மதராஸ் விலை. மதராஸில் ஏறினால் இங்கேயும் ஏறும். மகாராஜாவும் ஒரு சிட்டிகை, கூலிக்காரனும் ஒரு சிட்டிகை. கஞ்சிக்குப் போடும் உப்பில் இருவரும் கட்டிய வரி ஒன்றே. 1869இல் திறந்த அழகான செயலகக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கஞ்சிச் சட்டியும் எனக்கு ஞாபகம் வரும்.

1872இல் மாதவ ராவ் பதவி விலகி ஊர் திரும்பினார். கடனில்லாத நாட்டை விட்டுப்போனார். இணைத்துக்கொள்வோம் என்ற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கை மட்டும் அப்படியே கிடந்தது, அடுத்த அரை நூற்றாண்டுக்கு.

பிறகு 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். அழிமுகத்து மணல்திட்டைத் தோண்டி, பெருங்கப்பல் உள்ளே வர வழி செய்வது அவர் வேலை. அது நடந்தால் ஆலப்புழையின் வணிகம் கொச்சிக்கு நகரும். திருவிதாங்கூர்க்காரன் வாங்கும் துணியும் மண்ணெண்ணெயும் அங்கேதான் இறங்கும். அங்கே கட்டும் சுங்கம் யாருக்கு? மதராஸுக்கா, கொச்சி மகாராஜாவுக்கா, திருவனந்தபுரத்துக்கா?

இந்தக் கேள்வியோடு அத்தனை தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட 1925 ஆயிற்று. அந்த மேசையிலிருந்து திருவிதாங்கூர் எதைக் கொண்டுவந்தது?

அடுத்த வாரம்.